தோப்பும் காடும்: புதுச்சேரி ஊர்ப்பெயர்கள் காட்டும் உயிரினப் பன்மையும் அதன் காப்பும்

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரி நகரத்திலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் மரஞ்செடிகளின் பெயரால் அமைந்த ஊர்கள் பல உள்ளன. அப்பெயர்கள் இப்பகுதியின் பழைய நிலத்தோற்றத்திற்குச் சான்றாகின்றன. ஆயினும் அவை பெரும்பாலும் மனிதருக்குப் பயன்பட்ட மரங்களையே நினைவில் நிறுத்துகின்றன. இக்கடற்கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள் அவற்றில் இடம்பெறவில்லை. இன்றைய மரம் நடும் முயற்சிகளிலும் இதே சாய்வு காணப்படுகிறது. தோப்பு, காடு என்னும் தமிழ்ச்சொற்களின் பொருள் வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, உயிரினப் பன்மையின் தேவையையும் அதனைக் காக்கும் வழிகளையும், அதில் தமிழாய்வின் பங்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: உயிரினப் பன்மை, ஊர்ப்பெயராய்வு, புதுச்சேரி, உலர் பசுமைமாறாக் காடு, கோயில்காடு, ஊசுட்டேரி.

முன்னுரை

திணைக் கோட்பாடு நிலத்தை அதன் மரம், பூ, பறவை, விலங்கு ஆகியவற்றோடு சேர்த்தே கண்டது. ஓர் உயிரை அதன் நிலத்திலிருந்து பிரித்துப் பார்க்காத பார்வை அது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொல்வது தமிழாய்வாளர் அனைவரும் அறிந்த செய்தி. அத்தனை பூக்களுக்குத் தனித்தனிப் பெயர் வழங்கிய ஒரு மொழிச்சமூகம், அத்தனையையும் வேறுபடுத்திக் காணும் கண்ணையும் பெற்றிருந்தது. 1992இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் உலக நாடுகளின் கையொப்பத்திற்கு வைக்கப்பட்ட உயிரினப் பன்மை உடன்படிக்கை வேண்டுவதும் இத்தகைய வேறுபாட்டறிவையே. அதன் வழியில் இந்தியாவில் உயிரினப் பன்மைச் சட்டம் 2002இல் இயற்றப்பட்டது. உயிரினப் பன்மை என்பது உயிர்களின் எண்ணிக்கையைக் குறிப்பதன்று. வகைகளையும், வகைக்குள் உள்ள வேறுபாடுகளையும், அவை கூடி வாழும் வாழிடங்களையும் சேர்த்துக் குறிப்பது. இப்பொருள் புதுச்சேரி நிலத்தில் எவ்வாறு அமைகிறது என்பதை அதன் ஊர்ப்பெயர்களிலிருந்து தொடங்கிக் காணலாம்.

ஊர்ப்பெயர்களில் மரங்கள்

நெல்லித்தோப்பு, முருங்கப்பாக்கம், வாழைக்குளம், நாவற்குளம், தேங்காய்த்திட்டு, ஒதியம்பட்டு, பனையடிக்குப்பம் என்பன புதுச்சேரியில் அன்றாடம் வழங்கும் பெயர்கள். நெல்லி, முருங்கை, வாழை, நாவல், தென்னை, ஒதி, பனை ஆகியவை இப்பெயர்களில் வெளிப்படையாகத் தெரிகின்றன. இவற்றுட் பல இன்று நெருக்கமான குடியிருப்புகள். பெயர் நிற்க, மரம் மறைந்த இடங்கள் இவற்றில் உண்டு.

இப்பகுதியின் எழுத்துச் சான்றும் இவ்வழக்கு பழமையானது என்பதைக் காட்டுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த, பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடுகள், கல்விநிலையம் ஒன்றிற்கு மூன்று ஊர்கள் கொடையளிக்கப்பட்டதைக் குறிக்கின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் விளாங்காட்டங்கடுவனூர். விளா என்னும் மரப்பெயரும் காடு என்னும் சொல்லும் இணைந்த பெயராக இதன் முற்பகுதியைக் கொள்ள இடமுண்டு. கடுவன் என்பது ஆண்குரங்கைக் குறிக்கும் பழஞ்சொல். ஆட்பெயராகவும் வழங்கியிருக்கலாம் என்பதால் அதனை உறுதியான விலங்குச் சான்றாகக் கொள்வதற்கில்லை. எவ்வாறாயினும், இன்று வயலும் ஏரியுமாக அறியப்படும் பாகூர்ப் பகுதியில் ‘காடு’ ஓர் ஊரின் அடையாளமாக இருந்தது என்பது கருதத்தக்கது.

சான்றின் எல்லை

ஊர்ப்பெயர்களைச் சூழலியல் சான்றாகக் கொள்ளும்போது ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மேற்கண்ட பட்டியலில் உள்ள மரங்களில் பெரும்பாலானவை கனி, காய், ஓலை, நிழல் ஆகியவற்றுக்காக மனிதர் பேணியவை. ஒதி மட்டும் சற்று விலகி நிற்கிறது. பருத்தாலும் உத்திரத்துக்கு ஆகாத மரம் என்று பழமொழி அதனை இகழ்கிறது. ஆயினும் வேலிக்கு நட்டால் எளிதில் துளிர்ப்பதால் மக்கள் அதனை விட்டுவைத்தனர். தாவரவியலார் இதற்கு இட்ட ‘லேனியா கோரமாண்டலிகா’ என்னும் பெயரில் சோழமண்டலக் கடற்கரையே இடம்பெற்றுள்ளது.

ஆனால் காசா, வீரை, உலக்கைப்பாலை, கருங்காலி, நெய்க்கொட்டான் போன்ற மரங்கள் மேற்கண்ட பெயர்களில் இல்லை. இவையே இக்கடற்கரையின் இயற்கைக் காட்டை ஆக்கியவை. ஆகவே, ஊர்ப்பெயர் பதிவு செய்வது பெரும்பாலும் மனிதர் தேர்ந்தெடுத்த மரங்களை. நிலம் தானே வளர்த்த மரங்களையன்று.

தமிழ் இவ்விரண்டையும் தெளிவாகவே பிரித்துள்ளது. தோப்பு என்பது நட்டு வளர்த்தது, பெரும்பாலும் ஒரே வகை மரம் நிற்பது, உரிமையாளர் உடையது. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, புளியந்தோப்பு என்று மரத்தின் பெயரை முன்னொட்டாக ஏற்பது அதன் இயல்பு. காடு பல வகை உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து தாமே தழைத்த இடம். 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் குயில்பாட்டின் களமாகக் கொண்ட மாஞ்சோலையை மக்கள் ‘குயில் தோப்பு’ என்றே வழங்குகின்றனர். நகரத்தின் நினைவில் தங்கிய பசுமையும் தோப்பாகவே இருப்பது தற்செயலன்று.

உலர் பசுமைமாறாக் காடு

சாம்பியன், சேத் ஆகியோர் 1968இல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் ‘வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு’ தனிவகையாக இடம்பெறுகிறது. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி அமைந்த இக்காட்டின் தனித்தன்மை அதன் பெயரிலேயே உள்ளது. இப்பகுதிக்கு மழையின் பெரும்பங்கை ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவக்காற்றே தருகிறது. ஆண்டின் நீண்ட பகுதி வறண்டது. இத்தகைய நிலத்தில் மரங்கள் இலையுதிர்ப்பது இயல்பாக எதிர்பார்க்கப்படுவது. மாறாக, இக்காட்டு மரங்களிற் பல சிறிய, தடித்த, தோல்போன்ற இலைகளைக் கொண்டு கோடையிலும் பசுமை குன்றாமல் நிற்கின்றன. உயரம் குறைந்த மரங்கள், அவற்றைப் பின்னிய கொடிகள், அடியில் முட்புதர்கள், நிலத்தில் இலைச்சருகு என அடுக்கடுக்காக அமைந்தது இக்காடு.

இவ்வடுக்குகளில் எதுவும் வீணன்று. சருகு மழைத்துளியின் வேகத்தைத் தாங்கி நீரை மண்ணுக்குள் இறக்குகிறது. புதர் விதைக்கும் நாற்றுக்கும் நிழல் தருகிறது. பறவைகளும் பழந்தின்னி வௌவால்களும் மரநாய்களும் கனிகளை உண்டு விதைகளைப் பரப்புகின்றன. கனி தரும் மரம் குறைந்தால் பறவை குறையும். பறவை குறைந்தால் அடுத்த தலைமுறை மரம் முளைக்காது. இவ்வாறு ஒன்றின் இழப்பு மற்றொன்றின் இழப்பாகத் தொடர்வதே உயிரினப் பன்மை காக்கப்பட வேண்டியதற்கு முதற்காரணம்.

இக்கடற்கரைக் காட்டின் பெரும்பகுதி வேளாண்மைக்கும் விறகுக்கும் குடியிருப்புக்கும் முந்திரி, சவுக்குத் தோப்புகளுக்கும் இடமளித்து மறைந்தது. எஞ்சியவற்றுள் பல கோயில்காடுகள். புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிற்காடு அவற்றுள் ஆய்வாளர்களால் மிகுதியும் பயிலப்பட்டது. அய்யனாருக்கு உரிய மரத்தை வெட்டலாகாது என்னும் அச்சமும் மதிப்புமே சட்டம் வருமுன் இக்காட்டுக்குக் காவலாயின. இன்று இத்தகைய காடுகளுக்கு நேரும் இடர் நம்பிக்கை குறைவதால் மட்டும் வருவதன்று. பக்தி பெருகுவதாலும் வருகிறது. கோயில் விரிவடையும்போது மண்டபமும் வண்டி நிறுத்துமிடமும் சமையற்கூடமும் தேவையாகின்றன. பெருமரங்களை விட்டு அடிப்புதரைத் ‘துப்புரவு’ செய்யும்போது மரம் நிற்கும். ஆனால் அதற்கு வாரிசு முளைக்காது. அப்போது காடு மெல்லத் தோப்பாகிறது.

நீர்நிலைகள்

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உள்ளன எனக் கணக்கிடப்படுகிறது. அவற்றுள் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் பெரியவை. ஊசுட்டேரி புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இரு ஆட்சிப்பகுதிகளிலும் பரந்து கிடக்கிறது. புதுச்சேரி அரசு 2008இல் தன் பகுதியைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. தமிழ்நாட்டுப் பகுதியும் பின்னர் அவ்வாறே அறிவிக்கப்பட்டது. நாரைகள், கூழைக்கடா, நீர்க்காகம், தாழைக்கோழி, குளிர்காலத்தில் வலசைவரும் வாத்தினங்கள் ஆகியவற்றை இவ்வேரி தாங்குகிறது.

பறவைக்கு ஆட்சியெல்லை தெரியாது, நீருக்கும் அவ்வாறே. ஏரிக்கு நீர் கொணரும் வாய்க்கால் தூர்ந்தால் காப்பிட அறிவிப்பு மட்டும் பயன்தராது. ஏரியின் ஆழப்பகுதி, சேற்றுக்கரை, நாணற்புதர், கரைமரம் ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு பறவைக்கு உரியது. கரையை நேராக்கி, முழுவதையும் ஒரே ஆழமாகத் தூர்வாரினால் நீர் கூடலாம். ஆழமற்ற நீரில் இரைதேடும் பறவைகள் அகலும். ஏரியும் தோப்பைப்போல் ஒருதன்மைத்தாகிவிடும் என்பதே இங்கும் எழும் இடர். தேங்காய்த்திட்டை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றுக் கழிமுகத்தின் கண்டல் மரங்களும் இந்நோக்கில் கருதத்தக்கவை. ஊரின் பெயர் தென்னையைச் சொல்கிறது. ஆனால் மீன்குஞ்சுகளுக்குப் புகலாகவும் கரைக்குக் காப்பாகவும் நிற்பது பெயரில் இடம்பெறாத கண்டலே.

காப்பின் படிநிலைகள்

புதுச்சேரி நகரத்திலேயே காப்பின் பல படிநிலைகளைக் காணலாம். 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் உலர்தாவரத் தொகுப்பில் இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில், 1826இல் அமைந்த தாவரவியல் பூங்காவில் பல நாட்டு மரங்கள் நிற்கின்றன. ஊர்ப்பெயர் மரத்தின் நினைவைக் காக்கிறது. உலர்மாதிரி அதன் உருவைக் காக்கிறது. பூங்கா அதன் உயிரைக் காக்கிறது. இம்மூன்றும் இன்றியமையாதவை. எனினும் மரத்துக்கும் பறவைக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள உறவைக் காப்பது காடு ஒன்றே.

இழந்த காட்டை ஓரளவு மீட்க இயலும் என்பதற்கு அருகிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்தச் செம்மண் மேடு பெரும்பாலும் மரமற்று, மழைநீரால் அரிக்கப்பட்டுக் கிடந்தது. வரப்புகள் கட்டி நீரை நிறுத்திய பின், முதலில் விரைந்து வளரும் அயல்மரங்களும் நடப்பட்டன. அவற்றின் நிழலில் பின்னர் உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்கள் நடப்பட்டன. அவற்றுக்கான விதைகள் எஞ்சிய காடுகளிலிருந்தே வரவேண்டும் என்பதால், மீட்பு என்பது காப்புக்கு மாற்றாகாது. தாய்க்காடு அழிந்தபின் நடுவதற்கு விதையில்லை.

இவற்றிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன. கோயில்காடுகளில் வழிபாட்டு இடத்துக்கும் காட்டுக்கும் எல்லை வகுத்து, அடிப்புதரையும் சருகையும் காட்டின் உறுப்பாகக் கருதவேண்டும். ஏரிகளை வாய்க்காலோடும் நீர்பிடிப்போடும் சேர்த்துக் காக்கவேண்டும். மரம் நடும் திட்டங்களை, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையால் மட்டுமன்றி, மண்ணுக்குரிய வகைகளின் எண்ணிக்கையாலும் மதிப்பிடவேண்டும்.

தமிழாய்வின் பங்கு

உயிரினப் பன்மைச் சட்டம், உள்ளாட்சி தோறும் மேலாண்மைக் குழு அமைத்து மக்கள் உயிரினப் பன்மைப் பதிவேடு உருவாக்க வழிசெய்கிறது. ஓர் ஊரின் செடி, மரம், விலங்கு, பயிர்வகை ஆகியவற்றையும் அவற்றைப் பற்றிய மக்களறிவையும் அது தொகுக்கவேண்டும். இது தாவரவியலார் மட்டும் முடிக்கக்கூடிய பணியன்று. ஒரே செடிக்கு ஊருக்கு ஊர் வேறு பெயரும், ஒரே பெயரில் வேறு வேறு செடிகளும் வழங்குவதுண்டு. வட்டார வழக்கு, நிகண்டு, கல்வெட்டு, ஊர்ப்பெயர் ஆகியவற்றை ஒப்பிட்டு அப்பெயர்களைத் தெளிவுபடுத்துவது தமிழ்த்துறைகளுக்கு உரிய பணி. மூலிகை பறிப்பவர், ஆடு மேய்ப்பவர், மீன்பிடிப்பவர் ஆகியோரின் சொற்கள் அவர்களுடனேயே மறையுமுன் தொகுக்கப்படவேண்டும். பெயர் தெரியாத செடி எளிதில் ‘களை’ ஆகிறது. களை எனப்பட்டது வெட்டப்படுகிறது.

முடிவுரை

புதுச்சேரி ஊர்ப்பெயர்கள் மரங்களோடு வாழ்ந்த சமூகத்தின் நினைவுகள். எனினும் அவை பெரிதும் தோப்பின் நினைவுகள். காட்டின் நினைவு கோயிலைச் சூழ்ந்த சில புதர்ச்செறிவுகளிலும், கழிமுகத்திலும், ஏரிக்கரையிலும், முதியோர் சொற்களிலும் எஞ்சியுள்ளது. நெல்லியைக் காத்த சமூகம் காசாவையும் காக்கவேண்டுமெனில், பயன் கருதிப் பேணும் மரபோடு வகை கருதிப் பேணும் மரபும் சேரவேண்டும். அவ்வேறுபாட்டைத் தமிழ் தோப்பு, காடு என்னும் இரு சொற்களால் முன்னரே வகுத்துள்ளது. அதனைப் பதிவேட்டிலும் திட்டத்திலும் நிலத்திலும் நடைமுறைப்படுத்துவதே இனி எஞ்சிய பணி.