சிரட்டைக்குள் குடியிருக்கும் பிராணி

தேங்காயைத் துருவிய பின் சிரட்டையை என்ன செய்வார்கள்? அடுப்பில் போடுவார்கள். அகப்பை செய்வார்கள். இல்லாவிட்டால் குப்பையில் எறிவார்கள். ஆனால் கடலுக்கு அடியில் ஒரு பிராணி அதை வீடாக வைத்துக்கொள்கிறது!

அந்தப் பிராணியின் பெயர் ஆக்டோபஸ். நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்கள். அதற்கு எட்டுக் கைகள். உடம்பில் எலும்பு இல்லை. மேலே ஓடும் இல்லை. பெரிய மீன் பார்த்தால் தின்றுவிடும். அதனால் ஒளிய ஓர் இடம் வேண்டும்.

இந்தோனேசியாவில் சுலவேசி என்று ஒரு பெரிய தீவு உண்டு. அதன் வடகோடியில் பித்துங் என்னும் துறைமுக ஊர் இருக்கிறது. எதிரே லெம்பே என்ற சிறிய தீவு. இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய கடல். அங்கே அடிமணல் கறுப்பாக இருக்கும். எரிமலையிலிருந்து வந்த மணல் அது. பல இடங்களில் பவளப்பாறை கிடையாது. மணல், சேறு, பழைய பாட்டில், அறுந்த கயிறு, இவைதான் கண்ணில் படும்.

இதைப் பார்க்கவா பல நாட்டவர்கள் பணம் செலவழித்து வருகிறார்கள்? ஆம், வருகிறார்கள். காற்று அடைத்த உருளையை முதுகில் கட்டிக்கொண்டு நீருக்குள் இறங்குகிறார்கள். சேற்று மணலில் சிறிய பிராணிகளைத் தேடுகிறார்கள்.

வெறும் மணலில் ஒளிய இடம் குறைவு. எனவே இங்குள்ள பிராணிகள் பல வேடம் போடுகின்றன. தவளை மீன் என்று ஒன்று உண்டு. அதில் ஒரு வகைக்கு உடம்பெல்லாம் மயிர் போன்ற இழைகள். பாசி பிடித்த கல் போலவே அசையாமல் கிடக்கும். அதன் தலையில் ஒரு தூண்டில் இருக்கிறது. தூண்டிலின் நுனி புழுப் போல நெளியும். புழு என்று நம்பிச் சின்ன மீன் கிட்டே வரும். கண் இமைப்பதற்குள் அது தவளை மீனின் வயிற்றில் இருக்கும்.

வேறு ஒரு ஆக்டோபஸ் இன்னும் கெட்டிக்காரப் பிராணி. அது 1998இல் சுலவேசிக் கடலில் கண்டறியப்பட்டது. கைகளைச் சேர்த்துக்கொண்டு நாக்கு மீன் போல நீந்தும். ஆறு கைகளை வளைக்குள் மறைத்து, இரண்டை மட்டும் நீட்டிக் கடல் பாம்பு போலக் காட்டும். பாம்புக்கு யார்தான் பயப்பட மாட்டார்கள்?

இவற்றைப் புதிதாக வருபவர் கண்டுபிடிப்பது கடினம். அவருக்கு மணல்தான் தெரியும். ஊர்க்கார வழிகாட்டி விரலால் காட்டுவார். அங்கே நகம் அளவு இறால் ஒன்று இருக்கும். அந்தக் கண்தான் அவருடைய பிழைப்பு. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் இந்தத் தொழிலின் மதிப்பு ஆண்டுக்கு 15 கோடி டாலருக்கு மேல் என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. 2,200க்கும் அதிகமானவர்களுக்கு இதில் வேலை.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. வருபவர்களுக்கு நல்ல படம் வேண்டும். மீன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் சிலர் குச்சியால் குத்துகிறார்கள். சிலர் இடம் மாற்றி வைக்கிறார்கள். கேமராவின் வெளிச்சத்தை விட, இப்படித் தொட்டு அலைக்கழிப்பதே மீனை அதிகம் கலங்க வைக்கிறது என்று 2019இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். வழிகாட்டி என்ன செய்வார்? குத்தினால் மீன் கலங்கும். மறுத்தால் படம் கிடைக்காதவர் முகம் சுளிப்பார். "தொடக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. படகின் முதலாளியும் அவர் பக்கம் நிற்க வேண்டும்.

குப்பையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிளாஸ்டிக்கைக் கடலில் போடுவது கெடுதல்தான். ஆனால் கிடக்கும் பாட்டிலுக்குள் சின்ன மஞ்சள் மீன் முட்டையிட்டிருக்கலாம். உள்ளே எட்டிப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும்.

சிரட்டைக்கு வருவோம். பாலித் தீவிலும் வடக்குச் சுலவேசியிலும் விஞ்ஞானிகள் அந்த ஆக்டோபஸைக் கவனித்தார்கள். 2009இல் அதைப் பற்றி எழுதினார்கள். அது இரண்டு சிரட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும். அவற்றை உடம்புக்கு அடியில் வைத்து, கைகளால் அணைத்துக்கொள்ளும். பிறகு கைகளை விறைப்பாக்கி, பொய்க்கால் கட்டியவர் போல நடக்கும். இது மெதுவான நடை. வெறுங்கையாக ஓடினால் வேகமாகப் போகலாம். ஆனாலும் சுமையை விடுவதில்லை. ஆபத்து வந்தால் ஒரு சிரட்டைக்குள் இறங்கும். மற்றதை இழுத்து மேலே மூடிக்கொள்ளும்.