நிலத்தில் ஒரு படகுப் போட்டி

படகுப் போட்டி என்றவுடன் ஆறும் அலையும் நம் நினைவிற்கு வரும். நீரும் படகும் இன்றி, மண்டபத்தினுள்ளேயே நிகழும் துடுப்புப் போட்டியும் உண்டு. அப்போட்டியில் எழுபதும் எண்பதும் கடந்த முதியோரும் ஊக்கத்துடன் கலந்துகொள்கின்றனர்.

குளிர் நாடுகளில் பனிக்காலத்தே ஆறுகள் உறைந்துவிடும். அக்காலத்தும் பயிற்சி தடைப்படாதிருக்கத் துடுப்புப் பொறி பயன்பட்டது. 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் டிரைசிகாக்கர் உடன்பிறந்தார் இருவர் இத்தகைய பொறி ஒன்றை அமைத்தனர். வீரர் நகரும் இருக்கையில் அமர்ந்து, காலை ஊன்றி, சங்கிலி பிணைத்த கைப்பிடியைத் தம்பால் இழுப்பர். இழுக்குந்தோறும் விசிறி போன்ற சக்கரம் சுழலும். காற்றே அதற்குத் தடை. சென்ற தொலைவையும் விரைவையும் பொறியே கணித்துக் காட்டும்.

1980ஐ அடுத்த ஆண்டுகளில், பாஸ்டன் நகரில் முன்னாள் ஒலிம்பிக் வீரர் சிலர் பனிக்காலச் சலிப்பைப் போக்க இப்பொறிகளைக் கொண்டு போட்டி நடத்தினர். 'காலங்கடந்த வீரர்' என்று தம்மைத் தாமே நகையாடி அதற்குப் பெயரிட்டனர். வென்றவர்க்குப் பரிசு ஒரு சிறு சுத்தியலே! அவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது. இன்று 2,000 மீட்டரே பெரும்பாலான போட்டிகளின் தொலைவாகும்.

இளையோரும் முதியோரும் ஒருங்கே மோதின் அது நேரிய போட்டியாகாது. ஆதலின் வயதிற்கேற்பப் பிரிவுகள் வகுத்துள்ளனர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அகவை ஏறுவதை எண்ணிப் பலர் வருந்துவர். இவ்வீரரோ அடுத்த பிரிவில் தாமே இளையவர் ஆவோம் என்று மகிழ்வர்!

முன்னேற்றம் எளிதன்று. விரைவைப் பத்தில் ஒரு பங்கு கூட்டவேண்டின், ஆற்றலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூட்டவேண்டும். ஆதலின் ஒரு நொடியைக் குறைப்பதும் பெருவெற்றியே. தொடக்கத்தில் ஆத்திரப்பட்டு இழுத்தவர் இறுதியில் தளர்வர். ஆற்றலை அளந்து செலவிட்டவரே நிலைப்பர்.

அயர்லாந்து நாட்டு ரிச்சர்ட் மார்கன் ரொட்டி சுடும் தொழிலில் உழைத்தவர். முறையான உடற்பயிற்சியை அவர் தொடங்கியபோது அவருக்கு வயது 73! துடுப்பு வீரரான பேரனின் பயிற்சியைக் காணச் சென்றவரைப் பயிற்சியாளர் பொறியில் அமர்த்தினார். அன்று தொடங்கிய முயற்சி அவரை நான்கு முறை உலக வெற்றி வீரராக்கியது. 92ஆம் வயதில் ஆய்வாளர் அவரை ஆராய்ந்தனர். நாளொன்றுக்குச் சராசரியாக 40 நிமிடம் அவர் பயின்றார். அதில் பெரும்பகுதி மென்மையானது. பத்தில் ஒரு பங்கே கடுமையின் எல்லையைத் தொட்டது. அவருடைய மூச்சும் குருதியோட்டமும் உழைப்பிற்கு இசைந்த விரைவு, இளையோரை ஒத்திருந்தது. ஒருவரைக் கொண்டு அனைவரையும் அளத்தல் ஆகாது. எனினும் முதுமையிலும் உடல் பயிற்சிக்குச் செவிசாய்க்கும் என்பதற்கு அவர் தக்க சான்றாவார்.

இப்போட்டியில் ஒருவர் மற்றவரைத் தடுக்க இயலாது, தள்ளவும் இயலாது. அவரவர் பொறி அவரவர் உழைப்பையே காட்டும். அருகிலிருப்பவர் முந்தும்போது நம்முள் உறங்கும் ஆற்றல் விழிக்கிறது. ஆகவே போட்டியாளர் பகைவர் அல்லர். நம்மை உயர்த்தும் துணைவரே ஆவர். போட்டியாளர் எவரும் இல்லாத நாளிலோ, நேற்று நாம் எட்டிய அளவே நம்முன் நிற்கும். பிறரை வெல்லுதல் ஒருநாள் நிகழ்ச்சி. நேற்றைய தம்மை வெல்லுதலோ வாழ்நாள் முழுதும் கைக்கொள்ளத்தக்க நற்பழக்கம். கல்வியிலும் தொழிலிலும் இவ்வுண்மையை மாணவர் போற்றிக் கொள்வாராக.