மலையேற்றமும் சட்டப் பொறுப்பும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் நின்று நோக்கினால் ஒருபுறம் சிறுமலையும், மறுபுறம் கொடைக்கானல் மலைத்தொடரும் தெரியும். சமவெளியில் வாழும் நமக்கு மலை எந்நாளும் கண்ணெதிரே உள்ளது. அம்மலைகளில் ஏறுவது இன்று வெறும் பொழுதுபோக்காக இல்லை. கட்டணம் பெற்று நடத்தப்படும் தொழிலாகவும் வளர்ந்துவிட்டது. இத்தகைய பயணங்களில் ஒருவர் உயிரிழந்தால் அதற்கு யார் பொறுப்பு? "அவர் விரும்பித்தானே போனார்" என்று கூறிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாமா?

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் நிகழ்ந்த குரங்கணித் துயரத்தை நம் பகுதியினர் எளிதில் மறக்கமாட்டார்கள். வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியே தேனிக்குச் சென்று, போடிநாயக்கனூரைக் கடந்தால் குரங்கணி. சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர், கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினர். அவர்களுள் பெண்கள் பலர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிலர் மலையிலேயே கருகினர். சிலர் மருத்துவமனையில் பல நாள் துடித்து இறந்தனர். முதலில் ஓடிச்சென்று உதவியவர்கள் அந்த மலையடிவார மக்களே.

தீ இயற்கையின் செயலன்றோ என்று வாதிடுவோர் உண்டு. மார்ச் மாதத்தில் அச்சரிவுகளில் புல் காய்ந்து கிடக்கும் என்பதும், சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைந்து பரவும் என்பதும் மலையறிந்த எவருக்கும் தெரிந்தவை. கீழே எரியும் சுடரின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்னதாகவே காயவைத்துவிடுகிறது. ஆகவே மேல்நோக்கி ஓடுபவரைத் தீ துரத்திப் பிடித்துவிடும். முன்கூட்டி அறியக்கூடிய ஆபத்துக்கு ஆயத்தம் செய்யாதவர் இயற்கையின் மீது பழி போட்டுத் தப்ப இயலாது. வனத்துறை அனுமதி டாப் ஸ்டேஷன் செல்லும் பாதைக்கே பெறப்பட்டது என்றும், குழுவினர் சென்றதோ கொழுக்குமலைக்கு என்றும் அரசுத் தரப்பில் கூறப்பட்டது. அப்படியாயின் அவர்களைத் தடுக்காமல் விட்டது யார்? வனச்சரகர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். தீங்கியல் சட்டத்தில் 'வாலென்டி நான் ஃபிட் இன்ஜூரியா' என்றொரு பழைய இலத்தீன் கோட்பாடு உண்டு. தானாக இசைந்து ஏற்ற ஆபத்தினால் வரும் தீங்குக்கு ஒருவர் வழக்குத் தொடர முடியாது என்பது அதன் கருத்து. இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தளத்தில் ஒரு கார் தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர்மீது பாய்ந்தது. 1932இல் அவ்வழக்கை விசாரித்த நீதிமன்றம், தளத்தை நடத்தியோர் போதிய கவனம் எடுத்திருந்தனர் என்று கண்டு அவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. போதிய கவனம் எடுத்திருந்தனர் என்பதுதான் இங்கே உயிரான பகுதி. பலர் இதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

நம் ஊர் எடுத்துக்காட்டே இதனை நன்கு விளக்கும். கொசவபட்டி ஜல்லிக்கட்டில் இறங்கும் வீரர் காளையின் கொம்புக்கு இசைகிறார். ஆனால், உளுத்த மரத்தில் கட்டிய தடுப்புக்கு எவரும் இசைவதில்லை. 2017ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு விதிகள் தடுப்பு வேலியையும் மருத்துவ வசதியையும் வலியுறுத்துவது இதனால்தான். மலையேறுபவரும் அவ்வாறே: கால் இடறுவதற்கும் மழையில் நனைவதற்கும் இசைகிறார், பாதை அறியாத வழிகாட்டிக்கு இசைவதில்லை.

அப்படியானால், "எது நேரினும் நானே பொறுப்பு" என்று கையொப்பமிட்ட தாளின் மதிப்பு என்ன? ஆபத்தை அறிந்தே வந்தார் என்பதற்கு அது ஒரு சான்றாகலாம். அமைப்பாளரின் கவனக்குறைவை அது முற்றிலும் கழுவிவிடாது. ஒப்பந்தத்தின் நோக்கம் பொதுநலக் கொள்கைக்கு மாறானால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதனைச் செல்லாததாக்குகிறது. கட்டணம் செலுத்தியவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் துணை நிற்கும். "நாங்கள் இலாபம் பெறவில்லை, செலவைப் பகிர்ந்துகொண்டோம்" என்பவர் நுகர்வோர் மன்றத்தில் தப்பினாலும், உரிமையியல் நீதிமன்றத்தில் கவனக் கடமையிலிருந்து தப்புவது அரிது. குற்றவியல் பொறுப்பு இதற்கு வேறானது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல், பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் இரண்டாண்டு வரை சிறைக்குரியதாயிருந்தது; 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் அஃது ஐந்தாண்டு வரை உயர்ந்துள்ளது.

கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் இரு வழக்குகளை அறிந்திருத்தல் வேண்டும். 1995இல் பஞ்சாபில் ஒரு பள்ளி மாணவர்கள் பியாஸ் ஆற்றங்கரைக்கு உல்லாசப் பயணம் சென்றபோது 14 பேர் மூழ்கி இறந்தனர். ஆசிரியர்களின் கவனக்குறைவுக்குப் பள்ளி நிர்வாகம் பொறுப்பு என்று 2001இல் உச்ச நீதிமன்றம் கூறி, பிள்ளை ஒன்றுக்கு ஐந்து லட்சம் ரூபாய் என்ற உயர் நீதிமன்ற இழப்பீட்டை உறுதி செய்தது. 2014இல் அதே ஆற்றில், இமாசலப் பிரதேசத்தின் லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், ஐதராபாத்தைச் சேர்ந்த 24 பொறியியல் மாணவர்களை அடித்துச் சென்றது. தலைக்கு இருபது லட்சம் இழப்பீடு விதித்த உயர் நீதிமன்றம், அதில் 60 விழுக்காட்டை மின்வாரியமும், 30 விழுக்காட்டைக் கல்லூரியும், 10 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கவேண்டும் என்று பிரித்தது. அணையைத் திறந்தவர் வேறு, மாணவரை அழைத்துச் சென்றவர் வேறு. இருவரும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

குரங்கணிக்குப் பின் 2018இலேயே தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. பாதைகள் கடினத்திற்கேற்பத் தரம் பிரிக்கப்பட்டன. வனத்துறையின் அனுமதியும் தகுந்த வழிகாட்டியும் கட்டாயமாயின. தீப்பருவத்தில் மலையேற்றம் நிறுத்தப்படுகிறது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் திட்டத்தின்கீழ் அரசே 40 பாதைகளைத் திறந்து கட்டணம் பெறத் தொடங்கியது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், கட்டணம் பெறுபவர் அரசாயினும் கடமை குறைவதில்லை. அரசு ஜீப் மோதி ஒருவர் இறந்த வித்யாவதி வழக்கில், ஊழியரின் கவனக்குறைவுக்கு மாநில அரசு பொறுப்பு என்று 1962இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

செல்பவருக்கும் கடமை உண்டு. நம் மாவட்டத்துக் கொடைக்கானலில் உள்ள குணா குகையில், 2006இல் ஆழப் பிளவுக்குள் விழுந்த கேரள இளைஞர் ஒருவரை அவருடைய நண்பரே கயிற்றில் இறங்கி மீட்டார். அக்கதை 2024இல் திரைப்படமாகவும் வந்தது. படம் பார்த்துவிட்டு அங்கே கம்பி வேலியைத் தாண்ட முனைபவருக்குச் சட்டம் இரங்காது. வேலியும் எச்சரிக்கைப் பலகையும் இருந்தும் மீறினால், அவருடைய பங்கைக் கணக்கிட்டு நீதிமன்றம் இழப்பீட்டைக் குறைக்கும். அடியோடு மறுக்கவும் கூடும். வேலி அறுந்து கிடந்ததா, பலகை எந்த மொழியில் இருந்தது, காவலர் அன்று பணியில் இருந்தாரா என்பனவும் அதே விசாரணையில் கேட்கப்படும்.