‘ஜென்டூ’ – ஒரு சொல்லின் வரலாறு

‘ஜென்டில்மேன்’ என்னும் சொல்லை அறியாதார் நம்மில் இல்லை. அதனுடன் பிறந்த மற்றொரு சொல் உண்டு. அதுவே ‘ஜென்டூ’. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர் இந்துக்களை இச்சொல்லாலேயே குறித்தனர்.

இலத்தீனில் ‘ஜென்ஸ்’ என்றால் குலம். ‘ஜென்டிலிஸ்’ என்றால் குலத்தைச் சேர்ந்தவர். இச்சொல் இரு வழியாகப் பிரிந்தது. பிரெஞ்சு மொழியில் நற்குடிப் பிறந்தவரைக் குறித்து, ஆங்கிலத்தில் ‘ஜென்டில்’ ஆயிற்று. திருச்சபையின் இலத்தீனிலோ யூதரல்லாத பிற இனத்தாரையும், பின்னர் கிறிஸ்தவரல்லாதாரையும் குறிக்கலாயிற்று.

1498இல் கோழிக்கோடு வந்த வாஸ்கோ ட காமாவின் குழுவினர், அங்கிருந்த கோயில் ஒன்றைத் தேவாலயம் என்றெண்ணி வணங்கினர்! உண்மை தெரிந்தபின் போர்த்துக்கீசியர் இந்துக்களை ‘ஜென்டியோ’ என்றழைத்தனர். ஆங்கிலேயர் நாவில் அது ‘ஜென்டூ’ எனத் திரிந்தது. சென்னையில் அவர்கள் தெலுங்கு மொழிக்கும் இப்பெயரையே வழங்கினர்.

வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் பதினொரு பண்டிதர்கள் இந்துக்களின் சட்டங்களை வடமொழியில் தொகுத்தனர். அது பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டது. அதிலிருந்து ஹால்ஹெட் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1776இல் வெளிவந்த அந்நூல் ‘ஜென்டூ சட்டத் தொகுப்பு’ என்றே பெயர் பெற்றது. ஆனால் அது அப்பண்டிதர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயரன்று.

19ஆம் நூற்றாண்டில் ‘ஜென்டூ’ மறைய, ‘இந்து’ நிலைத்தது. இதுவும் முதலில் அயலார் வழங்கிய பெயரே. ‘சிந்து’ என்னும் ஆற்றின் பெயரைப் பாரசீகர் ‘ஹிந்து’ என்று ஒலித்தனர். ஆயினும் இது ஆற்றையும் நாட்டையும் சுட்டிய பெயர். பின்னர் அம்மக்களே தமக்குரியதாக ஏற்றுக்கொண்ட பெயர். ‘ஜென்டூ’வோ, “நம்மவர் அல்லர்” என்று ஒதுக்கிய பெயர்.

ஆங்கிலேயரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பழைய கிறிஸ்தவத் தமிழ் நூல்களில் ‘அஞ்ஞானி’ என்ற சொல்லும் இப்படித்தான் வழங்கியது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், பிற சமயங்களில் உள்ள உண்மையையும் புனிதத்தையும் திருச்சபை மறுப்பதில்லை என்று அறிக்கையிட்டது. ஆயினும் பழஞ்சொற்கள் நாவைவிட்டு எளிதில் அகல்வதில்லை.

அன்பு மாணவியரே, நம் வகுப்பில் ஒரே பெஞ்சில் பல சமயத்தவர் அமர்ந்திருக்கிறோம். பிறரை, அவர் விரும்பும் பெயரால் அழைப்போம். ஒரே வேரில் பிறந்த இரு சொற்களுள் ‘ஜென்டூ’வை நூலகத்தில் விட்டு, ‘ஜென்டில்’ என்பதை நம் நடத்தையில் காட்டுவோமாக!