உறைந்த மீனும் கறியும்: இளக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தல்

கடலிலிருந்து விலகி அமைந்த கொங்கு நாட்டுக்கு மீன் கேரளத்திலிருந்தும் தமிழகக் கடலோர ஊர்களிலிருந்தும் ஐஸ் பெட்டிகளில் வந்து சேர்கிறது. கறிக்கோழியோ பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரப் பண்ணைகளிலேயே வளர்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்கியதில் ஒரு பங்கை ஃபிரீசரில் வைத்துப் பின்னர் சமைக்கும் வீடுகள் கோவையில் பல. உறைநிலை நுண்ணுயிரிகளின் பெருக்கத்தை நிறுத்தி வைக்கிறதேயன்றி அவற்றை முற்றாக அழிப்பதில்லை என்பதால், உறைந்த உணவை எம்முறையில் இளக்குவது என்ற தேர்வு உண்பவரின் உடல்நலத்தைத் தொடுகிறது.

இத்தேர்வுக்கு அளவுகோல் வெப்பநிலையே. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான பகுதி அபாய வெப்பநிலை எனப்படுகிறது. சில பாக்டீரியாக்கள் அதில் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக் கூடியவை. காலையிலேயே எடுத்துச் சமையல் மேடையில் வைத்துவிடும்போது, நடுப்பகுதி கல்லாக இருக்கையிலேயே மேற்பரப்பு அந்த வெப்பத்தில் மணிக்கணக்கில் கிடக்கிறது. அயிலை, மத்தி, சூரை ஆகிய மீன்களில் அவ்வாறு உருவாகக்கூடிய ஹிஸ்டமின், அதாவது உடலில் தடிப்பும் தலைவலியும் உண்டாக்கும் வேதிப்பொருள், குழம்பு கொதித்தாலும் அழிவதில்லை. ஆகவே அம்முறையை அறவே விலக்கி, எஞ்சிய நான்கை மட்டுமே ஒப்பிட வேண்டும்.

முதலாவது, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நீர் வழியாத பாத்திரத்தில் வைப்பது. இரண்டு கிலோ எடைக்கு ஒரு நாள் அளவு ஆகுமெனினும், இளகிய கோழியையும் மீனையும் மேலும் ஓரிரு நாள் அங்கேயே வைத்திருக்கலாம், சமைக்காமலே திரும்ப உறைய வைக்கலாம் என்னும் இரு வசதிகள் இதற்கு மட்டுமே உண்டு.

இரண்டாவது, காற்றுப் புகாத பையில் இட்டுக் குளிர்ந்த நீரில் அமிழ்த்துவது. அரைக் கிலோ ஒரு மணி நேரத்துக்குள் இளகிவிடும். நீரை 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கோடையில் மாடித் தொட்டி நீர் வெதுவெதுப்பாக இருப்பதால், அதில் ஐஸ் கட்டிகளைச் சேர்ப்பது கட்டாயம்.

மூன்றாவதான மைக்ரோவேவ் மிக விரைவானது. ஆனால் ஓரங்கள் வெந்துவிடக் கூடுமாதலால், நீரில் இளக்கியதைப் போலவே இதையும் உடனே சமைத்தாக வேண்டும். நான்காவது, இளக்காமலே அடுப்பில் ஏற்றுவது. மெல்லிய மீன் துண்டுகளுக்கு இது ஏற்றது. வேகும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். முழுக்கோழிக்கு இது பொருந்தாது, ஏனெனில் கோழியின் உட்பகுதி 74 டிகிரியை எட்டியே தீர வேண்டும்.

உறைபொருள் நெடுநாள் இருக்க வேண்டிய வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் அறை பலவேளை அதை எட்டாததால், அதில் வைத்ததைச் சில நாள்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில், நிரம்பிய தனி ஃபிரீசர் திறக்கப்படாதவரை ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும்.

முந்தைய இரவே திட்டமிட இயலுவோர்க்கு ஃபிரிட்ஜ் முறையே சிறந்தது. அன்றே வேண்டுமாயின் குளிர்நீரும், உடனடியாக வேண்டுமாயின் மைக்ரோவேவும் உரியவை. வாங்கிய அன்றே ஒரு வேளைக்குரிய சிறு பொட்டலங்களாகத் தட்டையாகப் பிரித்து, தேதி எழுதி உறைய வைத்தால் எம்முறையும் விரைவாகும்.