மனசு வாடும் நாளில்



தவணை நாள் நெருங்குது, கையில பணமில்லை. வீட்டிலும் ஒரு சொல் சொல்லிட்டாங்க. அன்னிக்குச் சோறு இறங்காது, பேச்சும் வராது. நாம் என்ன செய்யலாம்?

ஒரு கால்மணி நேரம் வெளியே வந்து உட்காருவோம். புங்கமர நிழலோ கிணற்றடியோ போதும். மழைக்காலமானால் தூக்கணாங்குருவியைப் பார்க்கலாம். ஆண்குருவி நெற்பயிரின் இலையை நார்நாராகக் கிழித்துப் பாதிக் கூடு பின்னும். பெண்குருவி வந்து பார்க்கும். பிடிக்கலேன்னா போயிடும். ஆண்குருவி இன்னொரு கூட்டைத் தொடங்கும். பார்க்கப் பார்க்க நம் மூச்சு சீராகும்.

இது வெறும் ஆறுதல் பேச்சல்ல. அமெரிக்காவில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றி ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது.

மரம் கடனை அடைக்காது. ஆனால் குழுவில் வாய் திறந்து சொல்லத் தெம்பு தரும். இரண்டு வாரமாகியும் மனபாரம் இறங்கலேன்னா ஆரம்ப சுகாதார நிலையம் போவோம். 14416 எண்ணில் இலவசமாகவும் பேசலாம்.

குழுக் கூட்டத்தில் பேச: நம் ஊரில் மனசு ஆறும் இடம் எது? வாடியிருக்கும் உறுப்பினரை அங்கே அழைத்துப் போவது யார்?