யானையின் குடற்புழுக்களும் உடல்நிலையும்

வேனிற்காலத்தில் நீர்த்துறையில் விலா எலும்பு தெரிய நிற்கும் யானையைக் கண்டவுடன், வயிற்றில் புழு மிகுந்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது எளிது. அது உண்மைதானா என்பதை ஆராய வேண்டும்.

காட்டு விலங்கின் குடலைத் திறந்து புழுக்களை எண்ண இயலாது. ஆகவே லத்தியில் வெளிவரும் முட்டைகளே எண்ணப்படுகின்றன. உருளைப்புழுக்களின் முட்டைகள் லத்தியோடு தரையில் விழுந்து, ஈரத்தில் பொரித்து, இளம்புழுக்களாகிப் புல்லில் ஏறுகின்றன. மேயும் விலங்கு அவற்றைப் புல்லோடு விழுங்குகிறது. ஒரு கிராம் லத்தியிலுள்ள முட்டைகளின் எண்ணிக்கையே புழுச்சுமையின் அளவுகோலாகும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த டி. என். சி. வித்யா, ஆர். சுகுமார் ஆகியோர் நீலகிரிக் காடுகளில் தனித்தனியே அடையாளம் காணப்பட்ட யானைகளின் லத்தியை இவ்வாறு ஆராய்ந்து, 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். மழைக்காலத்தைவிட வறட்சிக் காலத்தில் புழுச்சுமை மிகுந்திருந்தது. இலையுதிர் காட்டிற்கும் முட்காட்டிற்கும் வேறுபாடு காணப்படவில்லை. இவற்றினும் முக்கியமானது மற்றொன்று: வயதினால் வரும் மாறுபாட்டைக் கழித்துப் பார்த்தபோது, யானையின் மெலிவுக்கும் முட்டை எண்ணிக்கைக்கும் இரு பருவங்களிலும் தொடர்பு புலப்படவில்லை.

ஆகவே மெலிவைக் கண்டு புழு என்று முடிவு கட்டுதல் தவறு. தீவனக் குறைவு, முதுமை, பல் தேய்வு ஆகியவையும் யானையை மெலியச் செய்யும். எனினும் புழுக்கள் தீங்கற்றவை என்றும் கொள்ளலாகாது. ஈரலைத் தாக்கும் தட்டைப்புழு மிகுந்தால் இரத்தச் சோகையும் உடல் வீக்கமும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரும். மேலும், நீண்ட தந்தமுடைய களிறுகளில் புழுச்சுமை குறைவு என்று மிலிந்த் வாட்வேயும் சுகுமாரும் 1997-இல் எடுத்துக்காட்டினர். தந்தத்திற்காக வேட்டையாடுவோர் நாடுவதும் அத்தகைய களிறுகளையே!

மாதிரி எடுப்பதிலும் 2002-ஆம் ஆண்டின் ஆய்வு வழிகாட்டுகிறது. ஒரு லத்திக் குவியலுக்குள் முட்டைகள் சீராகப் பரவியிருந்தன; ஆனால் ஒரே யானை ஒரே நாளில் இட்ட வெவ்வேறு குவியல்களில் எண்ணிக்கை பெரிதும் வேறுபட்டது. ஆதலின் ஒரு குவியலின் பல இடங்களில் எடுப்பதைவிட, பல குவியல்களில் சிறிது சிறிதாக எடுப்பதே முறை. யானை நாளொன்றுக்குப் பத்து முறைக்கு மேல் லத்தியிடுவதால் வாய்ப்புக்குக் குறைவில்லை; பொறுமைதான் வேண்டும்.

பள்ளிகளில் பசுவின் சாணத்தைக் கொண்டே இம்முறையைக் காட்டலாம். கையுறை அணிந்து, சாணத்தைப் பூரித உப்புக் கரைசலில் கரைத்து வடிகட்டி வைத்தால், உருளைப்புழு முட்டைகள் மேலே மிதந்து வரும், நுண்ணோக்கியில் காணலாம். தட்டைப்புழுவின் முட்டைகள் கனமானவை. அவற்றை அடிவண்டலில்தான் தேட வேண்டும்.